போலந்து நோயாளிகளுக்கான மருத்துவ வழிகாட்டியில் எந்த வரி காலாவதியானது என்று எப்படி அறிவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: போலந்தில் உங்கள் ஊர் நோயாளிகள் உதவிக் குழு, அரசு மருத்துவக் காப்பீட்டைப் பயன்படுத்துவது எப்படி என்று போலிஷ் மொழியில் நாற்பது பக்க வழிகாட்டி ஒன்றை வைத்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி அமர்ந்து திருத்துகிறீர்கள், அப்படியும் தவறு இருக்கிறது என்று படித்தவர்கள் வந்து சொல்கிறார்கள், ஆகவே எவ்வளவு நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது சரி? மூன்று மாதம் என்றோ ஒரு மாதம் என்றோ ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது உங்கள் சிக்கலைத் தீர்க்காது. அந்த நாற்பது பக்கத்தில் எந்த வரி நேற்றோடு பொய்யாகிவிட்டது என்பதை, அதை நம்பி ஒருவர் பேருந்து ஏறுவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். மருந்தியல் படித்தவன், போஸ்னானில் உங்களுடையதைப் போன்ற ஒரு குழுவில், போலிஷ் நண்பர்களோடு சேர்ந்து பதினொரு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறேன். இதில் நான் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பகுதி எங்கள் குழு செய்த பிழைகளால் கற்றுக்கொண்டது என்பதால், ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

போலந்தில் மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராபி பரிசோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே இலவசமாகக் கிடைக்கிறது. நெடுங்காலமாக அது 50 முதல் 69 வயது வரையிலான பெண்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2023 நவம்பர் 1 முதல் அந்த எல்லை 45 முதல் 74 வரை என்று விரிந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையின் மேல் வயதும் அதே நாளில் 59இலிருந்து 64 ஆனது. நாங்கள் இணையப் பக்கத்தை அன்று காலையிலேயே திருத்திவிட்டோம், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டோம். அடுத்த ஆண்டு வசந்தத்தில், போஸ்னானுக்கு வெளியே ஒரு சிற்றூரில் தீயணைப்பு நிலைய வாசலில் மேமோகிராபி பேருந்து வந்து நின்றிருந்தபோது, எதிரே ரொட்டிக் கடையில் 72 வயதுப் பெண்மணி ஒருவரிடம் ‘நீங்கள் போகவில்லையா?’ என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து விரித்து, ‘எனக்கு வயது தாண்டிவிட்டது, பாருங்கள்’ என்று விரலை வைத்துக் காட்டினார். அது நாங்கள் அச்சிட்ட துண்டறிக்கை. அதில் 69 என்றுதான் இருந்தது. அச்சிட்ட நாளில் அது முழுக்கச் சரியான வரி.

எங்களுக்குச் செய்தி தெரியாமல் அந்தப் பிழை நேரவில்லை; அந்த வரி எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு எங்களிடம் இல்லாததால் நேர்ந்தது. அன்று முதல் எங்கள் குழு பக்கத்தை அலகாகக் கொள்வதை விட்டுவிட்டு வரியை அலகாகக் கொண்டது. வயது, நாள் கணக்கு, தொகை, தொலைபேசி எண், ‘பரிந்துரை தேவை’ அல்லது ‘தேவையில்லை’ என்பது போன்ற ஒவ்வொரு கூற்றும் எங்கள் அட்டவணையில் ஒரு வரிசை. அது எந்தச் சட்டப் பிரிவிலிருந்து வருகிறது, எந்த நாளிலிருந்து செல்லும், எந்தெந்த இடங்களில் அச்சாகித் தொங்குகிறது, எங்களில் யார் அதற்குப் பொறுப்பு என்ற நான்கும் அந்த வரிசையிலேயே இருக்கும். மென்பொருள் எதுவும் வேண்டாம், சாதாரண அட்டவணைத் தாள் போதும்.

இப்படிப் பிரித்து வைத்தால், எல்லா வரியும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பது உடனே கண்ணில் படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற உங்கள் ஏற்பாடு தோற்பதற்கு இதுவே காரணம். சில வரிகள் பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும். அவற்றை ஆண்டுக்கு இருமுறை ஆளாளுக்குப் படித்துக் களைத்துப்போகிறீர்கள். வேறு சில வரிகள் நீங்கள் கூடிப் பேசிய மறுவாரமே மாறிவிடும்; அவை அடுத்த கூட்டம் வரை பொய்யாகவே கிடக்கும்.

அசையாதவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு, பொதுநிதியிலிருந்து தரப்படும் மருத்துவச் சேவைகள் பற்றிய 2004 ஆகஸ்ட் 27 தேதியிட்ட சட்டத்தில் காப்பீட்டு உரிமை முடியும் நாளைப் பற்றிய விதிகள். வேலை போனால் காப்பீட்டுக் கடமை முடிந்த நாளிலிருந்து 30 நாட்கள் வரை உரிமை நீடிக்கும். பள்ளிப் படிப்பு முடித்தவர்க்கு 6 மாதங்கள், உயர்கல்வி முடித்தவர்க்கு 4 மாதங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட போலிஷ் குடிமக்களுக்குக் காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை உரிமை உண்டு என்பதும் இந்த வகைதான். இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

நாள்காட்டியோடு மாறுபவை அடுத்த வகை. அரசு மானியம் பெறும் மருந்துகளின் பட்டியலை நலவாழ்வு அமைச்சர் அறிவிக்கையாக வெளியிடுகிறார்; முன்பு அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது, 2024 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இதில் ஒரு மருந்தின் பெயரையும் விலையையும் உங்கள் வழிகாட்டியில் எழுதுவது நீங்களே உங்கள் காலில் கோடரியைப் போட்டுக்கொள்வது. விதியை மட்டும் எழுதுங்கள், பட்டியலை அமைச்சகம் வைத்துக்கொள்ளட்டும். அந்த விதியையும் குறுக்கி எழுதக்கூடாது. 2016 செப்டம்பரில் 75 வயது தாண்டியவர்களுக்கு இலவச மருந்து வந்தது. 2023இல் அது 65 வயது தாண்டியவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் விரிந்தது. இதைப் பார்த்துவிட்டு ‘65 வயதானால் மருந்து இலவசம்’ என்று சுவரொட்டி எழுதிய குழுக்கள் உண்டு. அந்த வரி மருந்துக் கடையில் சண்டையைத்தான் வளர்க்கும். ஏனென்றால் அந்தப் பட்டியலின் குறிப்பிட்ட பகுதியில் உள்ள மருந்தாக இருக்க வேண்டும், மானியம் அனுமதிக்கப்பட்ட நோய்க்கு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டில் ‘எஸ்’ என்ற உரிமைக் குறியையும் இட்டிருக்க வேண்டும். இந்த மூன்றையும் சொல்ல இடமில்லை என்றால் அந்த வரியைச் சொல்லாமல் விடுவதே மேல்.

நான் மிகவும் அஞ்சுபவை தற்காலிகத் திட்டங்கள். ‘40 பிளஸ் நோய்த்தடுப்பு’ என்ற பெயரில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இலவச இரத்தப் பரிசோதனைகள் 2021 ஜூலை 1 அன்று தொடங்கின. அந்த ஆண்டின் இறுதியோடு முடியும் என்றார்கள். நாங்களும் அப்படியே எழுதினோம். டிசம்பர் நெருங்கியதும் நீட்டித்தார்கள். அதன் பிறகும் தவணை தவணையாக, பெரும்பாலும் கடைசி நேரத்தில், நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறையும் ‘முடியப்போகிறது, விரைந்து செல்லுங்கள்’ என்று எழுதி, பிறகு அதைத் திருத்தி, வாசகர்களின் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தோம். இறுதியில் அது உண்மையாகவே 2025 ஏப்ரல் 30 அன்று நின்றது. மே 5 அன்று ‘என் உடல்நலம்’ என்ற பொருள் தரும் ‘மோயே ஸ்த்ரோவ்யே’ திட்டம் அதன் இடத்தில் வந்தது. புதியதில் வயது வரம்பு 20இலிருந்து தொடங்குகிறது. 49 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பழையதைப் போல நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போக முடியாது, தாம் பதிவு செய்திருக்கும் முதல்நிலை மருத்துவ நிலையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆக, பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பத்தியை அப்படியே விட்டவர்கள் நோயாளியைத் தவறான கதவுக்கு அனுப்பியிருப்பார்கள். இத்தகைய வரிகளுக்கு முடிவு நாளுக்கு முப்பது நாள் முன்பே எங்கள் அட்டவணை எச்சரிக்கும். அந்நாளில் நீட்டிப்பு அறிவிக்கப்படவில்லை என்றால் ‘இந்த நாள் வரை உறுதி’ என்று மட்டும் எழுதுவோம். முடியப்போகிறது என்றும் சொல்வதில்லை, தொடரும் என்றும் சொல்வதில்லை.

ஒரு மாற்றம் உறுதியானதா, வெறும் பேச்சா என்பதை எப்படி அறிவது? இதற்கு எங்களிடம் இரும்பு விதி ஒன்று உண்டு: அரசிதழில் வந்தால் மட்டுமே அது மாற்றம். போலந்தில் சட்ட வரைவுகளை அரசின் சட்டமியற்றல் மையம் முன்கூட்டியே இணையத்தில் வெளியிடுகிறது. இது நல்ல வழக்கம்தான், ஆனால் செய்தித்தாள்கள் அந்த வரைவைப் பார்த்து ‘இனிமேல் பரிந்துரைச் சீட்டு வேண்டாம்’ என்று நிகழ்காலத்தில் தலைப்பிட்டுவிடும். வரைவு நாடாளுமன்றத்தில் திருத்தப்படலாம், செனட்டில் தடைபடலாம், குடியரசுத் தலைவர் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பலாம். அரசிதழில் வந்த பிறகும் கவனம் வேண்டும். வெளியான நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு. வேறு நாள் குறிப்பிடப்படவில்லை என்றால் பொதுவாகப் பதினான்கு நாள் இடைவெளி உண்டு, ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள் வெவ்வேறு நாளில் உயிர்பெறுவதும் உண்டு. கடைசிப் பிரிவைப் படிக்காமல் முதல் பிரிவை மொழிபெயர்த்துப் போடுகிறவர் இரண்டு மாதம் முன்கூட்டியே சரியாக இருப்பார். நோயாளிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

சட்டத்தை நேரடியாகப் படிப்பது தோன்றுவதைவிட எளிது. நாடாளுமன்றத்தின் சட்டத் தொகுப்புத் தளத்தில், போலந்துக்காரர்கள் ‘இசாப்’ என்று அழைப்பதில், ஒவ்வொரு சட்டத்தின் ஒருங்கிணைந்த உரையும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த ஒருங்கிணைந்த உரைக்கும் ஒரு நாள் உண்டு. அதற்குப் பிந்தைய திருத்தங்கள் தனியே பட்டியலில் கிடக்கும், அவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். சட்டத்துக்குக் கீழே அமைச்சரின் விதிமுறை, அதற்கும் கீழே, அரசு மருத்துவக் காப்பீட்டை நடத்தும் தேசிய நலவாழ்வு நிதியத்தின் தலைவர் பிறப்பிக்கும் ஆணை என்று அடுக்கு இருக்கிறது. நிதியத்தின் ஆணை மருத்துவமனைகளுடனான ஒப்பந்தத்தை ஒழுங்குபடுத்துவது. நோயாளியின் உரிமையை அது குறைக்க முடியாது. ஆகவே ‘ஆணையில் இப்படி இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அந்த ஆணை எந்தச் சட்டப் பிரிவின் மேல் நிற்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

நிதியத்தின் கட்டணமில்லாத் தகவல் எண் 800 190 590 உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல சேவை; நோயாளிகளிடம் தயங்காமல் கொடுங்கள். ஆனால் வழிகாட்டி எழுதுகிறவருக்குத் தொலைபேசிப் பதில் தடயம் மட்டுமே, சான்று ஆகாது. ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் இரண்டு முறை கேட்டு இரண்டு பதில் வாங்கியிருக்கிறேன். கேள்வியை நானே இரண்டு விதமாகக் கேட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. எழுத்தில் பதில் வேண்டுமானால், பொதுத் தகவல் பெறுவது பற்றிய 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மின்னஞ்சலில் கேட்கலாம். பதினான்கு நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது பொது விதி. நிதியத்துக்கு மாகாணத்துக்கு ஒன்றாகப் பதினாறு கிளைகள் உள்ளன. உங்கள் மாகாணத்தில் எத்தனை மேமோகிராபி மையங்கள் ஒப்பந்தத்தில் உள்ளன என்பது போன்ற கேள்விகளைக் கிளைக்கு அனுப்பினால் தெளிவான பதில் வரும். ‘இந்தச் சட்டப் பிரிவுக்குப் பொருள் என்ன’ என்று கேட்டால் அது பொதுத் தகவல் அல்ல என்று மறுத்துவிடுவார்கள்.

இனி, உறுதியில்லாத பகுதிக்கு வருகிறேன். சட்டம் சொல்வதும் பதிவு கவுண்ட்டரில் நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, இந்த இடைவெளியை எந்த ஆவணமும் உங்களுக்குச் சொல்லாது. இரவு மற்றும் விடுமுறைநாள் மருத்துவ உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரையும், வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் முழுநாளும் அது கிடைக்கும். நாட்டின் எந்த மூலையில் வசித்தாலும் எந்த மையத்துக்கும் போகலாம், வட்டார எல்லை கிடையாது. இது உறுதி. ஆனால் ‘நீங்கள் எங்கள் பகுதி இல்லையே’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கடிதங்கள் எங்கள் கோப்பில் இருக்கின்றன. காப்பீட்டைச் சரிபார்க்கும் ‘எவூஷ்’ கணினி அமைப்பும் அப்படியே. 2013 ஜனவரி முதல், ‘பெசல்’ எனப்படும் தேசிய அடையாள எண்ணைத் தட்டினால் பச்சையோ சிவப்போ காட்டுகிறது. சிவப்பு வந்தால் காப்பீடு இல்லை என்று பொருளல்ல. முதலாளி பதிவு செய்யத் தாமதித்திருக்கலாம், பல்கலைக்கழகம் மாறியதில் விடுபட்டிருக்கலாம். நோயாளி ஆவணத்தைக் காட்டலாம் அல்லது தனக்கு உரிமை உண்டு என்று உறுதிமொழியில் கையொப்பமிட்டு மருத்துவரைப் பார்க்கலாம். இதையும் எல்லாக் கவுண்ட்டரிலும் தாமாகச் சொல்லிவிடுவதில்லை.

இத்தகைய இடங்களில் நாங்கள் இரண்டு வாக்கியமாக எழுதுகிறோம்: முதலாவது உரிமை, இரண்டாவது அது மறுக்கப்பட்டால் வாயில் வர வேண்டிய சொற்கள். ‘சிவப்பு வந்தால், உறுதிமொழிப் படிவம் கொடுங்கள் என்று கேளுங்கள்’ என்பது ஓர் எளிய வரி. எங்கள் வழிகாட்டி முழுவதிலும் அதிகம் பேருக்கு உதவிய வரி அதுதான் என்பது என் கணிப்பு. அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் 2008 நவம்பர் 6 தேதியிட்ட சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நோயாளி உரிமை ஆணையர் இருக்கிறார்.

மருந்துச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பழைய வரிகள் மிகவும் பிடிவாதமாக உயிரோடு இருக்கின்றன. 2020 ஜனவரி 8 முதல் மின்சீட்டு கட்டாயமானது. நான்கு இலக்கக் குறியீட்டையும் பெசல் எண்ணையும் சொன்னால் எந்தக் கடையிலும் மருந்து வாங்கலாம். ஓராண்டுச் சீட்டில் ஒரே தடவையில் 180 நாட்களுக்கான மருந்து வாங்கலாம் என்று இருந்தது, 2023 நவம்பரில் 120 நாட்களாகக் குறைந்தது. இன்றும் பல இடங்களில் 180 என்று இருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, அவரைப் பார்த்து முதலாமவர் ‘சரிபார்த்து’ வைத்திருப்பார். தோல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்க்கப் பரிந்துரைச் சீட்டு வேண்டும் என்ற விதி 2015 ஜனவரி 1 அன்று வந்தது. அதற்கு முந்தைய தாள்கள் ஆண்டுக்கணக்கில் சுவரில் ஒட்டியே இருந்தன. ஆகவே வேறொரு வழிகாட்டியை ஒருபோதும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், அது எங்களுடையதாக இருந்தாலும் சரி.

நாள் குறிப்பிடுவதில் போலந்துச் சட்ட நூல்களில் ஒரு நல்ல மரபு இருக்கிறது. ‘ஸ்தான் பிராவ்னி’ என்று போட்டு, இந்நூலில் உள்ள சட்ட நிலை எந்த நாளுக்குரியது என்று முதல் பக்கத்திலேயே அச்சிடுவார்கள். ‘கடைசியாகத் திருத்தியது’ என்பதைவிட இது நேர்மையானது; எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினாலும் கடைசித் திருத்த நாள் புதிதாகிவிடும், உள்ளே இருக்கும் விதி பழையதாகவே இருக்கும். ஒவ்வொரு துண்டறிக்கையிலும் சட்ட நிலை நாளைப் பெரிய எழுத்தில் போடுங்கள், எவ்வளவு காலம் கழித்து அதை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். முதியவர்கள் தாளைத்தான் நம்புகிறார்கள், இணையத்துக்குப் போ என்று அவர்களிடம் சொல்வது கைகழுவுவது போல. அதனால் தாளை நிறுத்த வேண்டாம். குறைவாக அச்சிட்டு, எங்கே எத்தனை வைத்தோம் என்று எழுதி வைத்து, மாறும்போது போய் எடுத்துவாருங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சிறு குறுக்கீடு. போலிஷ் மொழியில் அந்நியரை ‘பான்’, ‘பானி’ என்று படர்க்கையில்தான் மரியாதையாக விளிப்பார்கள்; நம் ‘நீங்கள்’ போல இலகுவான ஒரு சொல் இல்லை. அரசின் நோயாளிகள் தளமோ நேராக ‘உன்னால் முடியும்’ என்ற ஒருமை வடிவத்தில் பேசுகிறது. முதலில் அது எனக்கு உறுத்தியது, எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர்களுக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் ஒருமையில் எழுதும்போது ‘பயனாளி சமர்ப்பிக்கக் கடமைப்பட்டுள்ளார்’ போன்ற வாக்கியங்கள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. சட்டம் மாறும்போது எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பதும் எளிதில் தெரிகிறது. விராத்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் எளிய போலிஷுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது; அவர்கள் வலியுறுத்தும் குறுகிய வாக்கியம் வாசகருக்கு மட்டுமல்ல, பராமரிப்பவருக்கும் உதவி.

நான் சொன்ன இந்த முறை எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்ற அறிவுரைக்கு இது போதாது. அதற்கு மருத்துவர் ஒருவர் பெயரோடும் பொறுப்போடும் நிற்க வேண்டும், உங்கள் வழிகாட்டியில் அப்படிப்பட்ட பத்திகள் இருந்தால் நீக்கிவிடுவதே என் ஆலோசனை. தனிநபரின் காப்பீட்டு நிலையையும் வழிகாட்டி தீர்மானிக்கக்கூடாது: இருநாட்டில் வேலை செய்பவர், உழவர்களுக்கான தனிக் காப்பீட்டில் இருப்பவர், 2022 மார்ச் 12 தேதியிட்ட சிறப்புச் சட்டத்தின் கீழ் வந்த உக்ரைனியர் ஆகியோருக்கு விதிகள் பல முறை திருத்தப்பட்டிருக்கின்றன, ஒருவருடைய தாள்களைப் பார்க்காமல் பதில் சொல்வது ஆபத்து. அவர்களுக்கு நாங்கள் கிளையின் முகவரியையும், கொண்டுபோக வேண்டிய ஆவணங்களையும் மட்டுமே தருகிறோம். பத்துப் பக்கம் குறையும், குறையட்டும். ஐந்து தன்னார்வலர்களால் உண்மையாகக் காவல் காக்க முடிந்த அளவுதான் வழிகாட்டியின் அளவாக இருக்க வேண்டும். எங்களுடையது அறுபது பக்கத்திலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் திருத்த உட்காராதீர்கள். நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு ‘தேவையில்லை’யையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, அட்டவணைக்கு மாற்றுங்கள், இரண்டு மாலைப் பொழுதுகள் பிடிக்கும். பிறகு வயது வரம்புகளிலிருந்து தொடங்குங்கள், 2023க்குப் பிறகு அதிகம் நகர்ந்தவை அவைதான். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் ஹெச்பிவி தடுப்பூசி வரியையும் பாருங்கள்; 2023 ஜூனில் 12, 13 வயதினருக்கு என்று தொடங்கியது, 2024 செப்டம்பரில் 9 முதல் 14 வயது வரை என்று விரிந்துவிட்டது. இணையத்தில் மாற்றி முடித்த அன்றே உங்கள் ஊர் மருத்துவ நிலையத்துக்கும் நூலகத்துக்கும் ஒரு நடை போய், சுவரில் இன்னும் 50–69 தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் கழற்றிக்கொண்டு வாருங்கள்.